முதலில் சான்றிதழ், பிறகு ரத்தம்

குன்னூரில் எதற்கும் பஞ்சம் கிடையாது. மழை வேண்டிய மட்டும் பெய்கிறது. பனி கேட்காமலே வருகிறது. சுற்றுலாப் பயணிகள் போகச் சொன்னாலும் போவதில்லை. பஞ்சம் என்று ஒன்று இருந்தால் அது ரத்தத்துக்குத்தான். அதுவும் அவரவர் உடம்பில் நிறையவே இருக்கிறது. வெளியே வருவதில்தான் சில நிர்வாகக் காரணங்கள்.

இந்த விவரம் அறுபத்திரண்டு வயது வரை ஆறுக்குட்டிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமில்லை. பஜாரில் ஹார்டுவேர் கடை. ஆணி, பைப், பெயிண்ட். மனைவி பாப்பம்மாளைக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த பிறகுதான், ரத்தம் என்பதும் ஒரு சரக்கு, அதுவும் ஸ்டாக் இல்லாமல் போகும் என்று தெரிய வந்தது.

டாக்டர் அதிகம் பேசவில்லை.

"ஓ நெகட்டிவ். லேசுல கிடைக்காது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். ஒரு யூனிட் கையில இருந்தாத்தான் நான் கத்தியைத் தொடுவேன். தள்ளிப் போடவும் முடியாது. கசிஞ்சுட்டே இருக்குது. ஆள் கூட்டிட்டு வாங்க."

"ஆள் எதுக்குங்க? நான் இல்லையா?" என்று ஆறுக்குட்டி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ரத்த வங்கிக்குப் போனார்.

அங்கே வேலை பார்க்கும் சுகுணா அவர் விரலில் ஒரு குத்துக் குத்தினாள். கண்ணாடிச் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓ நெகட்டிவ்.

கல்யாணத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு ஜோசியரும் சூலூரில் ஒரு ஜோசியரும் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். ஆறுதான் தேறியது. பதினோராவதாக ஒரு பொருத்தம் இருந்ததை இத்தனை வருஷம் கழித்து ஒரு ஊசி சொன்னது.

"முன்னாடி எப்பவாச்சும் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள் சுகுணா.

"இல்லை அம்மிணி. இதுதான் மொதல்."

"அப்ப எடுக்க முடியாதுங்க. மொதல் தடவைன்னா அறுபதுக்குள்ள இருக்கணும்."

"அறுபதுக்கு மேல எடுக்கறதே இல்லையா?"

"எடுப்போமுங்க. அறுபத்தஞ்சு வரைக்கும். ஏற்கெனவே குடுத்துப் பழக்கம் இருக்கறவங்கன்னா."

"அதாவது, குடுத்துக் குடுத்துத் தீர்த்தவன்கிட்ட எடுப்பீங்க. ஒரு சொட்டுக் குறையாம வெச்சிருக்கறவன்கிட்ட எடுக்க மாட்டீங்க."

"ரூல்ஸுங்க" என்றாள் சுகுணா.

வருஷா வருஷம் பஜாருக்கு ரத்ததான வண்டி வந்ததுதான். அன்றைக்கெல்லாம் ஆறுக்குட்டி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஸ்டாக் எடுப்பார். ஸ்டாக் எப்போதும் சரியாகவே இருந்தது.

"உங்க ரெண்டு பேருக்கும் ஓ நெகட்டிவ்னா பையனுக்கும் அதேதாங்க இருக்கும். வரச் சொல்லுங்க" என்றாள்.

பையன் ஆதித்யா கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. இருபத்தாறு வயது. ஜிம் உடம்பு. புல்லட்டில் மலையேறி, ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் ஓடி வந்தான். "எவ்வளவு வேணும்னாலும் எடுங்க" என்று டீசர்ட் கையைத் தோள் வரை தூக்கினான். அங்கே கருப்பு மையில், ரெண்டு பக்கமும் சிறகு வைத்து, பெரிதாக 'அம்மா' என்று பச்சை குத்தியிருந்தது.

சுகுணா ஊசியைக் கீழே வைத்தாள்.

"இது எப்பங்க குத்துனது?"

"மதர்ஸ் டேக்கு."

"போன மேயா? இப்ப ஆடி மாசந்தான் ஆகுது. பச்சை குத்துனா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்கக் கூடாதுங்க."

ஆறுக்குட்டி அந்தச் சிறகை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நெஞ்சுல வெக்க வேண்டியதைத் தோள்ல எதுக்குடா வெச்சே?"

"எல்லாரும் குத்திக்கறாங்கப்பா."

"எல்லாருக்கும் அம்மா இருக்காங்கடா. கட்டில்ல படுத்திருக்கறது உன்ற அம்மா."

பாப்பம்மாள் விஷயம் கேட்டுவிட்டுப் படுத்தபடியே சொன்னாள். "அவனைத் திட்டாதீங்க. பிரியமாத்தானே எழுதியிருக்கான்." அம்மா மேல் வைத்த பிரியத்தால் அம்மாவுக்கு ரத்தம் கொடுக்கத் தகுதியிழந்தவன் வெராந்தாவில் உட்கார்ந்து அழுதான்.

அன்று சாயந்திரம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஒரு வேன் கொள்ளும். ஆப்பிள் வந்தது, ஹார்லிக்ஸ் வந்தது. ஆறுக்குட்டி ரத்தம் என்று வாயைத் திறந்ததும் வேன் டிரைவருக்கு நேரமாகிவிட்டது.

மச்சினனுக்கு ரத்தத்தைப் பார்த்தாலே மயக்கம் வருமாம். அவர் பொள்ளாச்சியில் கறிக்கடை வைத்திருக்கிறார். சின்ன மாமனார் ஆடி மாசத்தில் எதையும் கையை விட்டுக் கொடுப்பதில்லை. ஆவணியில் கேட்டிருந்தால் மார்கழியைச் சொல்லியிருப்பார். ஒரு பங்காளி சட்டமே பேசினார்.

"யாருக்குப் போகுதுன்னே தெரியாம எப்படிங்க குடுக்கறது?"

"தெரியாம என்ன? இதா படுத்திருக்கறாளே, இவளுக்குத்தான்."

"தெரிஞ்சவங்களுக்குன்னா அது இன்னும் சங்கடமுங்க. நாளைக்கு ஒரு பேச்சு வரும்."

தங்கை மகள் இந்து மட்டும் உண்மையைச் சொன்னாள். "மாமா, நான் இப்பத்தான் மசினகுடி ரிசார்ட்ல மூணு நாள் இருந்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்தேன். வெறும் காய்கறிச் சாறு. டீடாக்ஸ் பேக்கேஜ். அதைப் போய்க் குடுத்துட்டா, கட்டின பணம் என்னாகறது?"

கேள்வி நியாயம்தான். சுத்தமான ரத்தம்.

வந்தவர்களில் யாருக்கு என்ன குரூப் என்று கடைசி வரை தெரியவில்லை. காரணம் மட்டும் எல்லாருக்கும் ஒரே குரூப்.

வியாபாரிகள் சங்க வாட்ஸப்பில் போட்டுப் பார்த்தார். 'அவசரம். ஓ நெகட்டிவ். குன்னூர்.' போட்ட உடனே எண்பது கும்பிடு வந்தது. ஒருவரும் சும்மா இருக்கவில்லை. ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்பி வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் அந்தச் செய்தி துபாயில் இருக்கும் அக்கா மகன் வழியாக அவர் போனுக்கே திரும்பி வந்தது. 'மாமா, உங்க ஊர்ல யாரோ பாவம் ரத்தத்துக்குத் தவிக்கிறாங்களாம். பார்த்து உதவுங்க.'

அந்த வியாழக்கிழமைதான் மாபெரும் இரத்ததான முகாம்.

நடத்தியவர் கீர்த்திவாசன். குருதிக்கொடை ஊக்குவிப்பு மற்றும் விழிப்புணர்வு ஒருங்கிணைப்புப் பிரிவின் பொறுப்பு அலுவலர். இந்தப் பதவிப் பெயரை மூச்சு விடாமல் சொல்லி முடிப்பவருக்கே ரத்தம் கொடுக்கும் உடல்தகுதி உண்டு. கல்யாண மண்டபம் பிடித்திருந்தார். வாசலில் வாழை மரம். உள்ளே செல்ஃபி எடுக்க ஒரு சட்டம். வந்தவர்களுக்கெல்லாம் 'நானும் ஹீரோ' என்று எழுதிய சிவப்பு பனியன். எஸ்டேட்டுகளிலிருந்து லாரியில் ஆள், காலேஜிலிருந்து பஸ்ஸில் பிள்ளைகள். முந்நூறு பேருக்கு மேல். பன்னிரண்டு கட்டில்களுக்கு வெள்ளை விரிப்பு. சுகுணா காலிப் பைகளை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினோரு மணிக்கும் பைகள் காலி.

ஆறுக்குட்டி நேரே கீர்த்திவாசனிடம் போனார்.

"ஏனுங்க, கட்டில் இருக்குது. ஆள் இருக்குது. ஊசியும் இருக்குது. அப்புறம் என்ன?"

"இன்னும் தொடங்கி வைக்கலையே சார்."

"எடுத்தாத் தொடங்கிருமல்ல?"

"அப்படி எடுத்தா அது முகாமுக்கு முந்தின ரத்தம் ஆயிடும். அதை எந்தத் தலைப்புல காட்டறது? சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கு ஏத்தணும். பர்லியார்கிட்ட வந்துட்டார்."

சிறப்பு விருந்தினர் வெற்றிச்செல்வன். மலைப்பகுதி நலன் தொடர்பான ஏதோ ஒரு வாரியத்துக்கு மாநிலத் துணைத் தலைவர். ஒன்பது மணியிலிருந்தே மலைப்பாதையில் பர்லியார்கிட்ட வந்துகொண்டிருந்தார். ஆடிக் காற்றில் ரோட்டில் மரம் விழுந்துவிட்டது என்றார்கள்.

கூட்டம் நெளிய ஆரம்பித்தது. காலேஜ் பிள்ளைகள் ஒவ்வொருவராக போன் பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார்கள். கீர்த்திவாசன் நிர்வாகத் திறமை உள்ளவர். உடனே ஒரு முடிவெடுத்தார்.

"சான்றிதழை முதல்ல குடுத்துருவோம். வாங்கினவன் கடமைப்பட்டுருவான். அப்புறம் எங்க போவான்?"

சான்றிதழ் அச்சாக வேண்டும் என்றால் கம்ப்யூட்டரில் பெயரையும் குரூப்பையும் போட்டு 'குருதி வழங்கினார்' என்ற கட்டத்தைத் தட்ட வேண்டும். தட்டினார்கள். ஒவ்வொருவரையும் கட்டிலில் படுக்க வைத்து, கையில் ஒரு குழாயைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, படம் எடுத்தார்கள். ஒத்திகையாம். பிறகு, ரத்தம் கொடுத்த களைப்புக்காக வைத்திருந்த ஜூஸும் பிஸ்கட்டும். எண்ணிக்கை குறையக் கூடாது என்று சமையல்காரர், மைக்செட்காரர் பெயர்களையும் சேர்த்தார்கள். ஓரமாக நின்ற ஆறுக்குட்டியிடமும் பேர் என்ன, குரூப் என்ன என்று கேட்டு, அவர் கையிலும் ஒன்றைத் திணித்தார்கள். 'தன்னலமற்ற குருதிக் கொடையாளர் திரு. ஆறுக்குட்டி அவர்கள்.' வெள்ளை முடி மினுங்க அவர் அதை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

கடமைப்பட்டவர்கள் சமையல்கட்டு வழியாகப் பின்வாசலில் போனார்கள்.

மிச்சம் இருந்தவர்களிடம் ஆறுக்குட்டி நாற்காலி நாற்காலியாகக் கேட்டுக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். பரமசிவன். ஜெகதளா பக்கம் டீ ஃபேக்டரியில் வேலை. ஜூஸைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"நான் ஓ நெகட்டிவுங்க ஐயா. குடுக்கத்தான் வந்தேன். முன்னமும் குடுத்திருக்கேன். இன்னைக்கு வந்தவங்களுக்கு ஒரு நாள் பேரு, அதாங்க கூலி, போடுறதா கணக்கப்பிள்ளை சொன்னாரு. சும்மா உக்காந்துட்டுப் பேரு வாங்கினா சரியில்லைங்களே."

ஆறுக்குட்டிக்கு அந்த மனுஷன் காலில் விழலாம் போல் இருந்தது. முழங்கால் வலியால் விழவில்லை. கையைப் பிடித்து சுகுணாவிடம் இழுத்து வந்தார். விளக்கு ஏற்றாவிட்டால் போகிறது, எடுத்துவிடலாம் என்று அவளும் துணிந்து கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினாள். திரை சிவப்பானது.

"இவரு இன்னைக்குப் பதினொண்ணே காலுக்குக் குடுத்துட்டாருன்னு சொல்லுதுங்க. இனி மூணு மாசம் கழிச்சுத்தான் எடுக்கணுமாம்."

பரமசிவன் தன் ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்தக் கையில எடுத்தாங்கன்னு அதுல போட்டிருக்குங்களா?"

கீர்த்திவாசனைக் கூப்பிட்டார்கள்.

"அதை அழிச்சுருங்க" என்றார் ஆறுக்குட்டி.

"அழிக்கறதா? ஒருத்தர் குடுத்த ரத்தத்தைத் திருப்பி அவர் உடம்புல ஊத்த முடியுங்களா சார்? அது மாதிரிதான் இதுவும்."

"அவரு இன்னும் குடுக்கவே இல்லையே!"

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

"அதுகிட்டச் சொல்லுங்க."

"சென்னையிலிருந்துதான் சொல்ல முடியும். உரிய வழியில எழுதினா ரெண்டு மாசத்துல பதில் வரும்."

"நாளைக்கு ஆபரேஷனுங்க. உயிர்ப் பிரச்சினை."

"உயிர்ப் பிரச்சினைங்கறதாலதான் சார் இந்த விதியே. ஒரே ஆள்கிட்ட ஒரே நாள்ல ரெண்டு தடவை எடுத்தா அவர் கதி என்ன? யோசிச்சுப் பாருங்க."

ஆறுக்குட்டி யோசித்துப் பார்த்தார். பரமசிவனும் யோசித்துப் பார்த்தார். எங்கேயோ ஓட்டை இருந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை.

"கம்ப்யூட்டர் நம்பர் குடுத்தாத்தாங்க பையில லேபிள் ஒட்டலாம்" என்றாள் சுகுணா. "லேபிள் இல்லாத பையை டாக்டர் தொட மாட்டாரு."

"சரி அம்மிணி. இந்த மண்டபத்துல சான்றிதழ் வாங்காதவன் எவனாச்சும் இருக்கறானா?"

கீர்த்திவாசன் பெருமையாகச் சொன்னார். "ஒருத்தர் பாக்கி இல்லாம முடிச்சாச்சு சார். அதுல முன்னமே கையெழுத்துப் போட்டு அனுப்பின சிறப்பு விருந்தினரைத் தவிர."

வாசலில் பட்டாசு வெடித்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல நிறம். விளக்கை ஏற்றினார். மைக்கைப் பிடித்தார். இளவட்டம் ஒருவர் போனை உயரப் பிடித்து நேரலை விட்டுக்கொண்டே பக்கத்தில் நின்றார்.

"என் ரத்தம் என்ன ரத்தம் தெரியுமா?" என்று வெற்றிச்செல்வன் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "ஓ நெகட்டிவ்! ஏழை பணக்காரன் பார்க்காது. எந்த உடம்புக்கும் சேரும். இந்த மலை மக்களுக்காக என் ரத்தத்தின் கடைசிச் சொட்டு வரை தருவேன்!"

கைதட்டினார்கள். ஆறுக்குட்டி தட்டவில்லை. அவர் முதல் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். படத்துக்காக வெற்றிச்செல்வன் அதில் சாய்ந்ததும், பிளாஸ்திரியோடு வந்த உதவியாளரை ஒதுக்கிவிட்டு, போனில் நன்றாகக் கேட்கும்படி சொன்னார்.

"ஐயா, என் ஊட்டுக்காரி ஆஸ்பத்திரியில கெடக்கறா. ஓ நெகட்டிவ்தான் வேணுமாம். கடைசிச் சொட்டெல்லாம் வேண்டாமுங்க. ஒரு யூனிட் போதும்."

போன் கட்டில் பக்கம் திரும்பியது. வெற்றிச்செல்வன் சிரித்தார். சிரிப்பை மாற்றாமல் சுகுணாவிடம் மெல்லச் சொன்னார். "எனக்கு சுகர் இருக்கும்மா."

சுகுணா விரலில் குத்திப் பார்த்தாள். "நார்மலுங்க."

"மலை ஏறினதுல தலை சுத்துது. பிரஷர்."

பட்டையைக் கட்டி அமுக்கிப் பார்த்தாள். "அருமையா இருக்குதுங்க."

"காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை. வெறும் வயித்துல எடுக்கக் கூடாதில்ல?"

கீர்த்திவாசன் உதவிக்கு ஓடி வந்தார். "பர்லியார்ல டிபன் சாப்பிட்டீங்களே சார்? நாங்கதானே அனுப்பினோம். இன்னொரு தோசைகூடக் கேட்டு வாங்கினீங்களே."

கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினார்கள். பச்சை விளக்கு. அந்த மண்டபத்திலேயே ரத்தம் கொடுக்க சர்க்கார் அனுமதித்த ஒரே மனுஷன், எல்லாருக்கும் சான்றிதழ் கொடுக்க வந்தவர்தான்.

"சார், பன்னெண்டாயிரம் பேர் பாக்கறாங்க சார்" என்றார் போன் பிடித்தவர்.

வெற்றிச்செல்வன் கண்ணை மூடிக்கொண்டார். ஆறுக்குட்டியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எடும்மா" என்றார். பிறகு பை நிறையும் வரை ஒரே கேள்விதான். "முடிஞ்சுதா?"

முடிந்ததும் அவருக்கும் ஒரு சான்றிதழ் அச்சானது. தானே கையெழுத்துப் போட்டுத் தனக்கே வழங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. பாப்பம்மாள் கண் விழித்து, கடையை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டாள். அதற்குப் பிறகுதான் போன் வர ஆரம்பித்தது. "இன்னும் ரத்தம் வேணுங்களா?" வேண்டாம், முடிந்துவிட்டது என்றதும் ஒவ்வொருவரும், "அடடா, நானே வரலாம்னு இருந்தேனே!" என்று சந்தோஷமாக வருத்தப்பட்டார்கள். வெற்றிச்செல்வனின் ஆட்கள் கடைக்கு எதிரே பாப்பம்மாள் படம் போட்டு ஃபிளக்ஸ் வைத்தார்கள். 'தலைவரின் குருதியால் வாழும் தாயே!' கடை போர்டு மறைந்துவிட்டது. கீர்த்திவாசனுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் சேகரித்ததற்காகக் கேடயம் கிடைத்தது. ஒரு பை பாப்பம்மாள் உடம்புக்குள் போயிற்று. மீதியெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. உலகத்தில் கெட்டுப்போகாத ரத்தம் அது ஒன்றுதான்.

ஆறுக்குட்டி மாறிவிட்டார். ஒரு கிலோ ஆணி வாங்க வந்தவனும் ரத்ததானம் பற்றிக் கால் மணி நேரம் கேட்காமல் போக முடியாது. "ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேங்கறான். காரணம் மட்டும் படி படியாச் சொல்றான். என்ன ஜனமோ!" என்பார். நாலாக மடித்த சான்றிதழைத் தேய்த்து, கண்ணாடி போட்டு, கல்லாவுக்கு மேல் மாட்டி, சந்தன மாலையும் போட்டிருந்தார். அதில் எழுதியிருந்ததை மறுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அடுத்த வருஷம் மே மாசக் கடைசி. ஞாயிற்றுக்கிழமை. ஆதித்யா ஊருக்கு வந்திருந்தான். கடையில் பைப் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். போன் வந்தது.

"சுகுணா பேசறேனுங்க. பரமசிவன் அண்ணனை ஞாபகம் இருக்குதுங்களா? எந்தக் கையில எடுத்தாங்கன்னு கேட்டாரே."

"மறக்க முடியுமா அம்மிணி. தங்கமான மனுஷன்."

"அவரு மகளுக்குப் பிரசவமுங்க. ரத்தம் போய்ட்டே இருக்குது. அவளுக்கும் ஓ நெகட்டிவ். அண்ணன் போன மாசந்தான் குடுத்தாரு. இந்தத் தடவை நெசமாவே. அதனால அவருகிட்ட எடுக்க முடியாது."

"அடப் பாவமே."

"உங்க பையனுக்குப் பச்சை குத்தி வருஷம் முடிஞ்சுதுங்களே. ஊர்லதான் இருக்கறாருன்னு சொன்னாங்க. அரை மணி நேரந்தாங்க."

ஆறுக்குட்டி திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் தெரியவில்லை, பையன் இளைத்திருந்தான். தோள் எலும்புகூடத் தெரிகிற மாதிரி இருந்தது. ஒத்தைக்கு ஒரு பையன். சாயந்திரம் புல்லட்டில் வேறு கோயமுத்தூருக்கு இறங்க வேண்டும். மழை வேறு வருகிற காலம்.

"லைன்லயே இருங்க அம்மிணி. இதா கேக்கறேன்."

போனை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஏன்டா ஆதி, அந்தப் பச்சை குத்தற கடை ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா? உனக்கு இன்னொரு கை சும்மாத்தானே இருக்குது. ஓடிப் போய் 'அப்பா'ன்னு ஒண்ணு குத்திக்கோ."